இரவல் மூச்சு

முனைவர் பட்டம் வாங்கியதும் ஊரில் என்னை டாக்டர் ஆக்கிவிட்டார்கள். ஊசி போடத் தெரியாத டாக்டர். பல்கலைக்கழகத்தின் நுரையீரல் ஆய்வுத் திட்டத்தில் கிடைத்த வேலையும் அதே லட்சணம்தான். பேராசிரியர் மனசு வைத்தால் வருஷா வருஷம் நீடிக்கும். அந்த மனசை நம்பித்தான் வீட்டில் எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள்.

திருவள்ளூரில் பஸ் ஏறி, மூச்சை அளக்கும் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு, பெரியபாளையம் வழியாகப் புதுவாயல் போவேன். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைத் தொழிலாளர்கள் ஷிப்ட் முடிந்து அங்கே நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த ஹாலுக்கு வருவார்கள். குழாயில் வாய் வைத்து, உள்ளே இருக்கும் மூச்சு மொத்தத்தையும் ஊத வேண்டும். நுரையீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று மெஷின் சொல்லிவிடும்.

ஒரு நாள் வந்து உட்கார்ந்த ஆளை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. கபடி ஆடிய உடம்பு. போன வாரம் வேறு பெயரில் வந்து ஊதியவர் அவர்தான். கேட்டேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"அந்த ஆளு இருமிக்கினே கெடக்கிறான் சார். ரிசல்ட்டு கம்பெனிக்குப் போச்சுன்னா நாளைக்கே கேட்டுக்கு வெளிய நிக்க வச்சிடுவாங்க. அதான் அவனுக்கு நான் ஊதினேன். இன்னிக்கு இன்னொருத்தனுக்கு."

"கம்பெனிக்குப் போகாதுங்க. அதுக்கு நான் பொறுப்பு."

"நீங்க பர்மனென்ட்டா சார்?"

"இல்லை. கான்ட்ராக்ட்."

"நாங்களும் அதான்," என்று எழுந்து போனார்.

இன்னும் எத்தனை பேருக்கு ஊதியிருக்கிறாரோ. எடுத்ததையெல்லாம் தள்ளிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று பேராசிரியரிடம் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"டேட்டா இவ்ளோ அழகா வந்திருக்கு. வேலியில போற ஓணானை ஏன் வேட்டியில விட்டுக்கிறீங்க?"

நான் விடவில்லை, திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்த வருஷம் எனக்கு நீட்டிப்பு இல்லை. திட்டத்தில் பணம் இல்லையாம். பெண் வீட்டாரும் அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. உண்மை பேசினால் மரியாதை தானாக வரும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

சில மாதம் கழித்து, அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ முடித்துவிட்டுப் புதுவாயலில் பஸ்ஸுக்கு நின்றேன். டீக்கடையிலிருந்து அந்தக் கபடி உடம்புக்காரர் கூப்பிட்டார்.

"இன்னா சார், ஆளையே காணோம்?"

"வேலை போயிடுச்சுங்க."

"எங்களாலயா?"

"நான் வாயைத் திறந்ததால."

எனக்கும் ஒரு டீ சொன்னார்.

"இப்ப உங்க எடத்துல ஒரு மேடம் வராங்க சார். இந்த வாரங்கூட ரெண்டு பேருக்கு ஊதினேன். என் மூஞ்சியப் பாத்து சிரிச்சிக்கினே பேரை மட்டும் எழுதிக்கினாங்க. ஒண்ணும் கேக்கல. ரொம்ப நல்லவங்க."

அந்த மேடத்துக்கு அடுத்த வருஷமும் வேலை இருக்கும். எனக்கு வயிறு எரிந்தது.