காலி ராட்டினத்துக்கு ஓர் ஆள்

பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் அந்தக் காலத்தில் ஒரு பூங்கா இருந்தது. பூங்கா என்பது அதன் சொந்தக்காரர் வைத்த பெயர். என் மாமா அதைக் குத்தகைக்கு எடுத்தபோது குடை ராட்டினத்து மரக்குதிரைகளுக்குக் காது கிடையாது. சறுக்குமரத்துக்கு அடியில் சீட்டாட்டம். பெரிய ராட்டினத்தின் பெட்டிகளில் ஆடுகள் ஏறிப் படுத்திருந்தன. நல்ல ரயில்வே வேலையை விட்டுவிட்டு இதில் போய்க் கையை வைக்கிறாரே என்று தாம்பரத்து உறவுக்காரர்கள் எல்லாம் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

மாமா முதலில் பெயிண்ட் வாங்கவில்லை. சீட்டாடுகிறவர்களைக் கிளப்பினார். பொம்பளைகள் பயமில்லாமல் வந்தால்தான் பார்க் பிழைக்கும் என்பது அவர் கட்சி. புதரை வெட்டி, தண்ணீர்க் குழாய் போட்டு, பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டிய பிறகுதான் குதிரைகளுக்குக் காது வந்தது. அதுவும் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு.

அப்போது எனக்கு எட்டு வயது. அம்மாவுக்குக் காச நோய் என்று சானடோரியத்தில் சேர்த்திருந்தார்கள். அப்பா கூட்ஸ் வண்டியோடு எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தார். என் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்து, இந்தப் பெண்ணுக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும், அம்மாவின் அண்ணனான மாமா என்னைக் கூட்டி வந்துவிட்டார். மாமி தவறிப்போய் வெகு நாளாகியிருந்தது, பிள்ளைகளும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டால் நான் நேரே பூங்காதான். பேச ஆளில்லாமல் குதிரைகளிடம் பேசுவேன். அதற்காவது அந்தக் காதுகள் உதவின.

எல்லாம் செய்தும் பெரிய ராட்டினத்தில் மட்டும் ஒருவரும் ஏறவில்லை. வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, பழைய இரும்பு, நமக்கெதற்கு வம்பு என்று நகர்ந்துவிடுவார்கள். காலியாக நிற்கிற ராட்டினத்தில் முதல் ஆளாய் ஏற யாருக்கு மனசு வரும்? அதனால் மாமா எனக்கு ரோஸ் கலரில் ஒரு கவுன் தைத்துப் போட்டு, ஒரு பெட்டியில் உட்கார வைத்தார். கீழே நிற்பவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், கையாட்ட வேண்டும். டிக்கெட் வாங்கிய பிள்ளைகள் வந்ததும் இறங்கிவிட வேண்டும். இதுதான் என் உத்தியோகம்.

உத்தியோகத்தில் நான் கெட்டிக்காரி. அஸ்தினாபுரத்திலிருந்தும் படப்பையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வரத் தொடங்கினார்கள். ஆனால் பெட்டியில் என் எதிர்ப் பலகை மட்டும் எப்போதும் காலி. ஒரு பிள்ளை ராட்டினத்தை நோக்கி ஓடி வந்தால் நான் இறங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஒரே ஒரு தடவை எதிரே யாராவது உட்கார்ந்து, இருவருமாகச் சேர்ந்து பயந்து கத்த வேண்டும். வேறெதற்கும் நான் அப்படி ஏங்கியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வயசுப் பெண் ஒருத்தி தனியாக ஏற மாட்டேன் என்று அழுதாள். அவள் அம்மா என்னைக் காட்டி, அந்தப் பெண் கூட உட்கார் என்று சமாதானம் சொல்லி என் பெட்டியில் ஏற்றிவிட்டார். அவள் என் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பெட்டி ஆள் உயரம்கூட எழும்பியிருக்காது, டிக்கெட் கவுண்டரிலிருந்து மாமா வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். ராட்டினத்தை நிறுத்தச் சொன்னார். அந்தப் பெட்டியில் ஏதோ கோளாறு என்று அந்த அம்மாவிடம் சொல்லி அவளை வேறு பெட்டிக்கு மாற்றினார். என்னை இறக்கிவிட்டார்.

ராட்டினம் ஓட்டுகிற அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா சார், எந்நேரமும் ஒண்டியாவே சுத்திகினு கீது. கூட ஒரு கொயந்த குந்தினா இன்னா ஆயிடும்?"

மாமா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஊருக்குத் தெரிஞ்சா ஒருத்தரும் வரமாட்டாங்கப்பா."

அவர் சொன்னது அம்மாவின் நோயை. சானடோரியம் என்ற பேச்சு காதில் விழுந்தால் போதும், கூட்டம் கலைந்துவிடும். டாக்டர் சொன்னதெல்லாம் அங்கே எடுபடாது. இதெல்லாம் வெகு காலம் கழித்து நானாகக் கூட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு என் புத்திக்கு எட்டியது வேறு. நான் டிக்கெட் இல்லாமல் ஏறுகிறேன், அது தெரிந்துவிடும் என்றுதான் மாமா பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு கவுண்டர் வரிசையில் போய் நின்றேன்.

"எனக்கும் ஒரு டிக்கெட் குடுங்க மாமா."

மாமா என்னையே பார்த்தார். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். ஒரு டிக்கெட்டைக் கிழித்து என் கையில் வைத்தவர், கையை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். மூக்கை உறிஞ்சினார். பாவம், ஜலதோஷம் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று நல்ல கூட்டம். பெட்டிக்கு நான்கு பேர். அண்ணன் என் டிக்கெட்டில் பாதியைக் கிழித்துக்கொண்டு என்னை ஏற்றிவிட்டார். எதிர்ப் பலகையை நான் கவுன் நுனியால் துடைத்து வைத்தேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகளை அவர் அடுத்த பெட்டிக்கு அனுப்பினார். என் முகத்தைப் பார்க்காமல் கம்பியைப் போட்டார். ராட்டினம் கிளம்பியது. மற்ற எல்லாப் பெட்டிகளிலும் ஒரே கத்தலும் சிரிப்பும். நான் கையிலிருந்த பாதி டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் என்ன குறை என்று எனக்குத் தெரியவே இல்லை.