வீட்டுக்கொரு மலை

“எந்த நாற்காலியில உக்காருவான் உங்க ஆளு?”

ஒலிந்தோ ஸ்கார்சனெல்லா ஒரு வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்ததும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். காட்டிய நாற்காலியில் போய் உட்காருவார். ஊரில் இல்லாத அந்த ஆள் குள்ளமென்றால் கழுத்தைத் தாழ்த்தி, ஜன்னல் வழியே பெல்மோ மலையைப் பார்ப்பார். அப்புறம்தான் வரையக் கரித்துண்டை எடுப்பார்.

கோய் கிராமத்தில் பாதிப் பேருக்கு ஜெர்மனியில் ஐஸ்கிரீம் கடை. பிப்ரவரியில் போனால் அக்டோபரில்தான் திரும்புவார்கள். கடைச் சுவரில் மாட்ட ஆளுக்கொரு பெல்மோ வேண்டும். அதுவும் சொந்த ஜன்னலில் தெரிகிற பெல்மோ. பெரிய கல் நாற்காலி போன்ற மலை அது. மேட்டு வீடுகளிலிருந்து இரண்டு கைப்பிடியும் தெரியும், தேவாலயத்தருகே ஒன்றுதான். ஒருமுறை ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரிலிருந்து ஒருவனுடைய படம் திரும்பி வந்துவிட்டது. ‘இது எங்க மலை இல்ல’ என்று பின்பக்கம் எழுதியிருந்தது. அவன் வீட்டில் போய் விசாரித்தார். வலது கைப்பிடியை மறைத்துக்கொண்டு ஒரு வால்நட் மரம் நின்றதாம். அவன் போன பிறகு வெட்டிவிட்டார்களாம். இல்லாத மரத்தை இலை இலையாக வரைந்து அனுப்பினார்.

இருபது வயதில் தேவாலயச் சுவர்களில் புனிதர்களின் பாதங்களை வரைந்தவர். முகங்களெல்லாம் பெரிய ஓவியருக்கு. பெல்லுனோ நகரில் ஒரே ஒரு கண்காட்சி. “மலை நல்லாருக்கு, மனுஷங்க எங்க?” என்று கேட்டார்கள். அதோடு நகரத்தை விட்டார். விடிந்தால் பாறை மேல்தான். குளிரில் இறுகிப்போகும் வண்ண டியூபை அக்குளில் வைத்துச் சூடேற்றுவார். வீட்டில் அடுப்பு எரிந்தாலும் அந்தப் பழக்கம் விடாது. பெரும்பாலும் ரோஜா நிறம். அந்தி வெயில் பெல்மோவைத் தொடும் பத்து நிமிஷத்துக்கானது.

அவர் வீட்டு ஜன்னலில் மட்டும் மலை சரியாகத் தெரியாது. குறுக்கே எதிர்வீட்டு எர்மிதாவின் வைக்கோல் கொட்டில்.

“ஊருக்கெல்லாம் மலை குடுக்கிறீங்க. நீங்க பாக்கணும்னா எங்க மாடிக்குத்தான் வரணும்” என்பாள் எர்மிதா.

“கொட்டில இடி. நான் ஏன் வர்றேன்?”

மகள் நீவெஸும் ஐஸ்கிரீம் கடை வைக்க ஜெர்மனியின் உல்ம் நகருக்குப் போய்ப் பதினாறு வருஷம். அக்டோபரில் ஊர் நிரம்பும், அவள் வரமாட்டாள். அம்மாவின் சாவுக்கு வந்தவள் மறுநாளே கிளம்பினாள். “நீங்க மலையிலயே இருங்கப்பா” என்று மட்டும் சொன்னாள். படம் கேட்டதில்லை. கேட்காதவர்களுக்கு அனுப்பும் வழக்கம் அவருக்கு இல்லை. ஆனால் ஒவ்வொரு அக்டோபரிலும் கடைசிப் பேருந்து வரும்வரை பாலத்தருகே நின்று வரைந்துகொண்டிருப்பார். தாளில் எதுவும் இருக்காது.

இந்த ஜனவரியில் தபாலட்டை வந்தது. ‘கடையை இடிச்சுக் கட்டியாச்சு. ஒரு சுவர் காலியா இருக்கு. நம்ம சமையலறை ஜன்னலை வரைஞ்சு அனுப்புங்க. நான் பாத்த மாதிரி.’

ஒலிந்தோ நான்கு நாற்காலிகளிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தார். அவள் எதில் உட்காருவாள் என்று தெரியவில்லை. அவள் சாப்பிடும் நேரத்தில் அவர் வீட்டில் இருந்ததே இல்லை. அட்டையை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார்.

“எர்மிதா, நீவெஸ் எதுல உக்காருவா?”

அவள் பொலெந்தா களியைக் கிளறுவதை நிறுத்தவில்லை. “உக்காந்தாத்தானே? ஜன்னல் கல்லுல மோவாய வச்சுக்கிட்டு நிக்கும். ஆறு வயசு இருக்கும். உங்க சம்சாரம் சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓஞ்சுபோகும். ‘அப்பா வரட்டும்’, அவ்வளவுதான் பதில்.”

“அங்கேருந்து மலை தெரியுமா?”

“நீங்களே பாருங்க. முட்டி மடங்கும்னா.”

வீட்டுக்கு வந்து ஜன்னலின் முன் மண்டியிட்டார். மோவாயைக் கல்லில் வைத்தார். கொட்டில் கூரைக்குப் பின்னால் மலை முழுக்க இறங்கிவிட்டது. கொட்டில் சுவரை ஒட்டி, அவர் தினமும் இறங்கி வரும் பாதையின் வளைவு மட்டும் இருந்தது. அதில் யாரும் இல்லை.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்குளிலிருந்த ரோஜா நிற டியூபை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு, பாதையின் மண்பழுப்பு டியூபை அங்கே செருகிக்கொண்டார்.