குடத்துக்குள் தொங்கிய அலாரம்

இன்று பட்டாபிராம் ஸ்டேஷனில் சரோஜா அக்காவைப் பார்த்தேன்.

தொண்ணூறுகளில், மொட்டைமாடித் தொட்டி நிரம்பினால் கத்தும் அலாரம் செய்து விற்க அம்பத்தூரில் கம்பெனி ஆரம்பித்தேன். யாரும் வாங்கவில்லை. மூடிவிடலாம் என்றிருந்தபோது, ஒன்றைப் பக்கத்துத் தெருவில் குடியிருந்த இந்த அக்காவுக்குச் சும்மா கொடுத்தேன்.

மறுவாரம் அவர் வீட்டுப் பக்கம் போனால், அதன் ஒயர் தெருக்குழாய்க்கு அடியில் வைத்த குடத்துக்குள் தொங்கியது.

"எங்க ஊட்ல தொட்டி ஏது நைனா? தண்ணி எப்ப வரும்னுதான் தெரியல. இப்ப வந்தவொடனே கத்துது!"

அதன்பின் அதையே, குழாயில் தண்ணீர் வந்தால் கத்தும் அலாரம் என்று விற்றேன். கம்பெனி பிழைத்தது.

இன்றுதான் அக்காவுக்கு நன்றி சொன்னேன்.

"அது கெடக்கட்டும். அது கத்துனா தெருவே முழிச்சிகினு எனக்கு முன்னாடி வந்து நின்னுச்சே, அத்த சரி பண்ணியா?"

முப்பது வருடமாக நிலுவையில் இருக்கும் புகார். யோசனை இருப்பவர்கள் சொல்லுங்கள்.