நாலாவது குழாய்

செம்பட்டி தாண்டியதும் கார் திணற ஆரம்பித்தது. ஓரங்கட்டினேன். பின்சீட்டில் மாப்பிள்ளைக் கோலத்தில் முதலாளியின் மகன், பழனியில் முகூர்த்தம். "நேரம் தவறுச்சுன்னா நாளைக்கு வேலைக்கு வராதே" என்றார் முதலாளி.

எதிரே வந்த லாரியிலிருந்து கட்டம் போட்ட லுங்கியோடு ஒருவர் இறங்கினார். எஞ்சின் சத்தத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சிலிண்டருக்கு ஒன்றாக எஞ்சினிலிருந்து புறப்படும் புகைக்குழாய் நாலிலும் தண்ணீர் தெளித்தார். மூன்று சுர்ரென்றன. நாலாவதில் தண்ணீர் சும்மா வழிந்தது; அந்தச் சிலிண்டர் மட்டும் எரியாமல் குளிர்ந்து கிடந்தது.

"காலையில பிளக்குல கை வச்சியா, அப்பு?" என்று காதோரம் கேட்டார்.

வழியில் நின்றுவிடுமோ என்ற பயத்தில் நான்தான் கழற்றித் துடைத்திருந்தேன். வயரைச் சரியாக அழுத்தி மாட்டவில்லை. தலையாட்டினேன். அவர் அழுத்தினார், எஞ்சின் சீரானது.

"என்னய்யா கோளாறு?" முதலாளி கத்தினார்.

"ரோட்டுக் குலுக்கல்ல வயர் கழண்டுருச்சுங்க. டிரைவர் என்ன செய்வாரு?"

முகூர்த்தம் தவறவில்லை; எனக்கு வேலையும் போகவில்லை. முன்பின் தெரியாத எனக்காக அவர் ஏன் பொய் சொன்னார் என்பதுதான் இன்றுவரை பிடிபடவில்லை.