மேற்பிரிவு ஓடையின் செம்புழுக்கள்

1956ஆம் ஆண்டு மாசி மாதம் ஒன்பதாம் தேதியிட்டு அண்ணன் எனக்கு எழுதிய கடிதம் என் மேசைமேல் இருக்கிறது. இலங்கையின் மேற்குக் கரையில் ஒரு மீன்வள ஆய்வுக்கூடத்தில் அவர் கூலியாளாகச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு அது.

“தம்பி, கடலடிச் சேற்றை அள்ளிச் சல்லடையில் கழுவுகிறோம். மிஞ்சும் புழு, சிப்பி, நண்டுக் குஞ்சுகளை இனம் பிரித்துப் போத்தலில் போடுவது என் வேலை. தண்ணீரை மொண்டு பார்த்தால் இன்றைய நிலைதான் தெரியும். சேற்றில் கிடப்பவை ஓடிப்போக முடியாதவை. மாதக்கணக்கில் அங்கே நடந்ததை அவை சொல்லிவிடும். பல இனம் கலந்திருந்தால் நல்ல இடம். சாக்கடை விழும் இடத்தில் ஒரே மாதிரிப் புழுதான் அள்ள அள்ள வருகிறது.”

அண்ணன் 1926இல் மஸ்கெலியாவுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தார். கொட்டகலையில் எட்டாம் வகுப்புவரை படித்தார். 1958இல், தோட்டத் தமிழர் பலரையும் போல அவரிடமும் பிரஜாவுரிமைச் சான்று இல்லை என்று ஆய்வுக்கூடத்தார் அவரை நிறுத்தினார்கள். ஒரு சல்லடையும் பூதக்கண்ணாடியுமாகத் தோட்டத்துக்கே திரும்பி வந்து, தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கும் கவ்வாத்து வேலையில் சேர்ந்தார். யாரைப் பற்றியும் அவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

லயத்துக்குக் குடிநீர் தரும் ஓடையில் மாதம் ஒருமுறை கற்களைப் புரட்டிப் பார்த்து எழுதிவைப்பார். மூன்று வால் பூச்சிகள் கல்லடியில் ஒட்டியிருக்கும்வரை கவலை இல்லை என்பார். 1962 ஐப்பசியில் ஓடைக்கு மேலே புதிதாகக் கக்கூஸ் குழிகள் வெட்டினார்கள். தை மாதக் குறிப்பில் மூன்று வால் பூச்சி ஒன்றும் இல்லை; சேற்றில் செம்புழு மட்டும் நெளிந்தது. குழிகளை மாற்றும்படி தோட்டத்துத் துரைக்கு மனு எழுதினார். பதில் வரவில்லை. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி வீடுவீடாகச் சொன்னார்.

அண்ணியின் சிற்றப்பாதான் எங்கள் கங்காணி. ஓடைக்கரையில் அண்ணனைப் பார்த்துச் சிரித்தார்.

“என்ன மாப்ள, புழுவுக்குப் பேர்ப்பதிவு நடத்துறீங்களோ? நமக்கே இந்த நாட்டுல பதிவு இல்ல!”

“பதிவு கெடக்கட்டும் மாமா. செம்புழு வந்தா தண்ணி கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்க.”

“அத்தன வீட்டுக்கும் வெறகு? ஒங்க சல்லடையவா எரிக்கிறது?”

1963 சித்திரையில் அண்ணன் பிரஜாவுரிமை விசாரணைக்காகக் கண்டிக்குப் போனார். விடுமுறையில் நான் லயத்தில் இருந்தேன். மாரியம்மன் திருவிழாவுக்கு லயம் முழுக்க வெள்ளையடித்து, இரண்டு வாளிச் சுண்ணாம்பு மிஞ்சியது. புழுதானே கெடுதல், அதை ஒழித்துவிடலாம் என்றார் கங்காணி. ஒரு வாளியை அவர் ஓடையில் ஊற்றினார். மற்றதை ஊற்றியவன் நான். செம்புழுக்கள் செத்து ஒதுங்கின. மறுநாள் தண்ணீர் பளிங்காகத் தெளிந்திருந்தது. பெண்கள் குலவையிட்டார்கள்.

மூன்றாம் நாள், திருவிழாவன்று, அண்ணன் திரும்பினார். பிரஜாவுரிமை மனு தள்ளுபடி என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு ஓடைக்குப் போனார். கற்களைப் புரட்டியவர் எழுந்திருக்க நேரமாயிற்று.

“புழு நோய் இல்ல மாமா. நோய் இருக்குன்னு சொன்ன வாய் அது.”

“வாய மூடியாச்சுல்ல? விடுங்க மாப்ள” என்றார் கங்காணி. கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்தத் தண்ணீரில்தான் பானகம் கரைத்திருந்தார்கள். முதல் செம்பை அண்ணனிடம் நீட்டி, “ஆத்தா முன்னால வேணாம்னு சொல்லிடாதீங்க” என்றார் கங்காணி. அண்ணி கண்ணால் தடுத்தார்கள். அண்ணன் கூட்டத்தைப் பார்த்தார், வாங்கிக் குடித்தார்.

பதினோராம் நாள் காய்ச்சல் கண்டது. லயத்தில் வேறு நால்வரும் படுத்து, பின்பு எழுந்தார்கள். அண்ணன் எழவில்லை. வைகாசி பதினாறாம் தேதி ஆஸ்பத்திரியில் காலமானார். அவருடைய ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டில் “காய்ச்சல்” என்று மட்டுமே எழுதியிருந்தது. இறப்பதற்கு முந்தின நாள் மாலை என்னிடம், “சுண்ணாம்பு ஊத்துனது நீயாடா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “கையில காயம் ஒண்ணும் படலியே?” என்றார்.

லாரி அனுப்பிய மஸ்கெலியா கடை முதலாளி பாய் அவர்களுக்கும், மழையில் சரிவிலே பாடை சுமந்த லயத்து உறவுகளுக்கும், பதினாறு நாளும் அண்ணியின் வாசலில் உட்கார்ந்து அழுத கங்காணி மாமாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்தச் சித்திரையில் ஓடைக்குப் போய் முப்பது கற்களைப் புரட்டினேன். மூன்று வால் பூச்சி இல்லை, செம்புழுவும் இல்லை. புழு தலைகாட்டும்போதெல்லாம் ஒரு வாளி சுண்ணாம்பு ஊற்றுவது இப்போது லயத்து வழக்கமாகிவிட்டது. குழிகள் மேலே அப்படியே இருக்கின்றன. நாற்பது வீட்டாரும் அதைத்தான் குடிக்கிறார்கள். அந்தத் தண்ணீர் நல்லதா, கெட்டதா என்பதை இதை எழுதும் நாள்வரை என்னால் சரிபார்க்க முடியவில்லை.