ஃபர்ஸ்ட் கியர் இருந்த இடம்

எங்கள் காரின் இன்ஜினைக் கொன்றது நான்தான். இதை முதலில் எழுதிவிட்டால்தான் மற்றதை எழுத முடியும்.

அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. ஒரு மாதத்துக்கு ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அப்பா. ஒரு சைக்கிள்காரனைக்கூட உரசியதில்லை என்பதை வாரத்துக்கு ஒருமுறையாவது யாரையாவது பிடித்து வைத்துச் சொல்லிவிடுவார். அவர் கறுப்புக் கண்ணாடியோடு கட்டிலில் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொத்தமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்கு நான் காரை எடுத்துக்கொண்டு போனேன். திரும்பும்போது டெம்பரேச்சர் முள் சிவப்பில் போய் நின்றது. பார்க்காமல் இல்லை, பார்த்தேன். வெயிலுக்கு அப்படித்தான் காட்டும், காரைக்குடி வந்துவிட்டால் போதும் என்று மிதித்தேன். வழியில் ஒரு கருவேலங்காட்டோரம் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வண்டியை எடுக்குமுன் தண்ணீர் பார் என்று அப்பா எனக்கு நூறு தடவை சொல்லியிருப்பார்.

ஒர்க்‌ஷாப் பாய் எங்கள் காரைப் பல வருஷமாகப் பார்ப்பவர். பானெட்டைத் திறந்தவர் உதட்டைப் பிதுக்கினார்.

"இன்ஜின் பிளாக்கே விரிசல் விட்டுருச்சு தங்கச்சி. இனி இதுல ஒண்ணும் பண்ண முடியாது. வேற மாடல் வண்டி ஒண்ணு ஆக்சிடெண்ட் ஆகி நம்மகிட்ட நிக்கிது. இன்ஜின் நல்லா இருக்கு. மவுண்டிங்க வெட்டி ஒட்டுனா இதுல உக்காந்துரும். கியர்பாக்ஸும் சேத்துத்தான் மாத்தணும்."

"செய்ங்க பாய். ஆனா அப்பாவுக்குத் தெரியக்கூடாது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவள், நாற்பத்தொரு வயதுக்காரி, அப்பாவுக்குப் பயந்து பொய் சொல்லக் கூட்டுச் சேர்க்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது.

புது கியர்பாக்ஸோடு வந்த கியர் கம்பியில் ஒரு வளையம் இருந்தது. அதைத் தூக்கிப் பிடித்தால்தான் ரிவர்ஸ் விழும். எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் பழைய கம்பியின் குமிழ் அப்பாவின் உள்ளங்கை பட்டுப் பட்டு மொழுமொழுவென்று இருக்கும். அது இல்லாவிட்டால் சீட்டில் உட்கார்ந்ததுமே கண்டுபிடித்துவிடுவார். பழையதையே மாட்டித் தரச் சொல்லி அடம்பிடித்தேன்.

"அந்த வளையத்தச் சும்மா வைக்கல தங்கச்சி," என்றார் பாய். "ஒங்க பழைய வண்டில எடது கோடில மேல தள்ளுனா ஃபர்ஸ்ட். இதுல அதே எடத்துலதான் ரிவர்ஸ், வளையம் இல்லாட்டித் தடுக்க ஒண்ணும் இல்ல. ஃபர்ஸ்ட் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி வருது. நீங்க சொல்றீகன்னு மாட்டித் தாரேன். ஆனா அப்பாகிட்ட மறக்காமச் சொல்லிருங்க. ஆர்.சி.ல இன்ஜின் நம்பர மாத்தவும் அவுக கையெழுத்து வேணும்."

"நான் சொல்லிக்கிறேன்," என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே எனக்கு இரண்டு முறை வண்டி பின்னால் போனது. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். கியரைப் பற்றிச் சொன்னால் கியர்பாக்ஸ் ஏன் மாறியது என்பார், அதைச் சொன்னால் இன்ஜின் வரும், இன்ஜினைச் சொன்னால் அந்தச் சிவப்பு முள் வரும். சர்வீஸுக்கு விட்டிருந்தேன் என்று சொல்லி வைத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று பத்து நாளை ஓட்டினேன்.

மாதம் முடிந்த மறுநாள் காலையில் நான் தலைக்குக் குளித்துவிட்டு வெளியே வந்தபோது அப்பா டிரைவர் சீட்டில் இருந்தார். ஒர்க்‌ஷாப் போய் வந்த வண்டி என்பதால் நான்கு டயருக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. பழத்தை நசுக்கும்போது வண்டிக்கு எதிரே யாரும் நிற்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். எல்லாரும் பின்னால்தான் நிற்க வேண்டும். அம்மா சூடத்தட்டோடு பின்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவர்.

அப்பா சாவியைத் திருகினார். தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "சத்தம் வேற மாதிரி இருக்கே?" என்றார்.

"சர்வீஸ் பண்ணியிருக்குல்லப்பா," என்றேன்.

கத்துவதற்கு நேரம் இருந்தது. இதை நான் என்னிடமே பலமுறை மறுத்துப் பார்த்துவிட்டேன். நேரம் இருந்தது.

வண்டி ஒரே எம்பில் பின்னால் போனது. அப்பா உடனே பிரேக்கை மிதித்துவிட்டார். ஆனாலும் அம்மாவின் வலது கால் பம்பருக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. வண்டியை முன்னால் தள்ளிவிட்டு அம்மாவைத் தூக்கினோம். அந்தப் பதற்றத்தில் கியர் எங்கே கிடந்தது என்று அவர் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சீட்டில் அவர் உட்காரவும் இல்லை.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து, கம்பி வைத்து, அம்மா படுக்கையில் விழுந்தாள். காபி போடக்கூடத் தெரியாத அப்பா அவளுக்குத் தலை வாரிவிடக் கற்றுக்கொண்டார். பார்க்க வருகிறவர்களிடம் கேட்காமலேயே சொல்வார்.

"கண்ணு நல்லாத் தெரியுது. கைதான் மறந்துபோச்சு. ஃபர்ஸ்டுன்னு நெனச்சு ரிவர்ஸப் போட்டுட்டேன்."

"விடுங்க, வயசானா எல்லாருக்கும் வாரதுதான். வேணும்னா செஞ்சீக?" என்பாள் அம்மா.

அவள் அப்படித் தேற்றும்போதெல்லாம் நான் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவேன்.

மூன்று மாதம் இப்படிப் போனது. ஆர்.சி. படிவத்தில் கையெழுத்து என்னாச்சு என்று பாய் போன் மேல் போன் போட்டார். அப்பாவின் கையெழுத்து எனக்கு அச்சாக வரும், பள்ளிக்கூடத்து ரேங்க் கார்டில் போட்டுப் பழகியது. போட்டுவிடலாம் என்று பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். அப்போது கூடத்தில் அப்பா நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தது கண்ணில் பட்டது. அவருடைய இடது கை தொடைமேல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. இடது கோடிக்குப் போய் மேலே, பிறகு கீழே, பிறகு நடுவில் மேலே. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

படிவத்தை அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். சிவப்பு முள்ளில் தொடங்கி வளையம் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன்.

"அன்னைக்கி நான் ஃபர்ஸ்ட்டுதான் போட்டேனா?" என்றார் கடைசியில்.

"ஆமாப்பா. நீங்க சரியாத்தான் போட்டீக."

"எடது கோடில, மேல?"

"ஆமா."

இடது கையைத் தூக்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஓங்கி ஒன்று விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் எழுந்து அம்மா படுத்திருந்த உள்ளறைக்குப் போனார்.

"இந்தா பாரு, எந்திரி. நான் ஃபர்ஸ்ட்டுதான் போட்டிருக்கேன்." "என் கை மறக்கல."

"பெறகு எப்புடிங்க வண்டி பின்னால வந்துச்சு?" என்று அம்மா கேட்டது எனக்கும் கேட்டது.

அப்பா நிலைப்படிக்கு வந்து நின்று என்னைப் பார்த்தார்.

"நீயே வந்து சொல்லு," என்றார்.