அவர் வெளியே போயிருக்கிறார்

மெல்பேர்ணில் நான் முதன்முதலாகத் தடக்குப்படாமல் பேசப் பழகிய ஆங்கில வசனம், ‘அவர் வெளியே போயிருக்கிறார், அடுத்த கிழமை வாருங்கள்’ என்பதுதான். அதைச் சொல்லும்போது என் கணவர் எனக்குப் பின்னால் நாலடி தள்ளி, ஒரு தடித்த பழுப்புத் திரைக்குப் பின்னால், இருமலையும் அடக்கிக்கொண்டு நின்றிருப்பார். எழுபதுகளின் நடுப்பகுதி அது. ஃபுட்ஸ்கிரேயில், ரயில் நிலையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, எங்களுக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ இருந்தது. முன்னால் மேசை, நடுவில் திரை, அதற்குப் பின்னால் படம் கழுவும் இருட்டறை. மேசை எனக்கு, இருட்டறை அவருக்கு என்று நாங்கள் பேசித் தீர்மானிக்கவில்லை. அவர் உள்ளே போய்ப் போய் ஒளிந்ததில் மேசை என் தலையில் விழுந்தது.

கமெராவுக்குப் பின்னால் நின்றால் அவர் வேறு ஆள். உம்மென்று வரும் கிழவர்களையும் பகிடி விட்டுச் சிரிக்க வைப்பார். கமெராவை இறக்கி வைத்ததும் வாய் கட்டிப்போகும், கண் தரைக்குப் போகும். யாருக்கும் முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று சொல்ல அவருக்கு வராது. நாளைக்குத் தருவீர்களா என்றால் ஓம். கிழிந்த படத்தைப் புதிதாக்க முடியுமா என்றால் அதற்கும் ஓம். யாழ்ப்பாணத்தில் அதில் பெரிய வில்லங்கம் இல்லை. ‘ஓம், பாப்பம்’ என்று ஒருவர் இழுத்துச் சொன்னால் காரியம் நடக்காது என்று கேட்டவருக்கே விளங்கிவிடும். இங்கேயோ செவ்வாய் பத்து மணி என்றால் செவ்வாய் பத்து மணிக்கு வந்து நின்றார்கள். வந்தவர்களுக்கு நான் அந்த வசனத்தைச் சொன்னேன்.

எனக்கு அப்போது ஏழு மாதம். கால் வீங்கியிருந்தாலும் ஓரிடத்தில் இருக்க முடியாது. மேசைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். ஊரிலிருந்து ஐயாவின் கடிதம் வந்து இரண்டு மாதமாகியிருந்தது. மகளுக்கு மாதம் இரண்டு கடிதம் போடுகிற மனிதர் அவர். நாங்கள் அடிக்கடி வீடு மாறியதால் கடிதங்கள் கடை விலாசத்துக்குத்தான் வரும். கடையை முதலில் திறப்பது என் கணவர். “தபால்காரர் வேலைநிறுத்தமாம், வரும்” என்றார். வந்தவர்களுக்கெல்லாம் அவர் சொல்லும் ‘ஓம்’ என்ன பெறுமதி என்று தினமும் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். எனக்குச் சொல்லும் ‘வரும்’ மட்டும் உண்மையாக இருக்குமா? இந்தக் கேள்வி என்னை அரித்தது. கட்டின மனிதனின் பேச்சை நம்பலாமா என்று தெரியாமல் பிள்ளை பெறப் போகிறேனே என்று பயமாக இருந்தது.

அந்த நாட்களில்தான் டிராமில் டிக்கெட் கொடுக்கும் ஒரு பெண் எங்களிடம் வந்துபோய்க்கொண்டிருந்தாள். மால்ட்டாக்காரி, ஐம்பது வயதிருக்கும். பதினாறு வருடத்துக்குப் பிறகு ஊருக்குப் போய்த் தாயைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். தாயைப் பிடித்த படமெல்லாம் ஒரே பிலிம் சுருளில் இருந்தன. அதைக் கழுவும்போது என் கணவர் மருந்தை மாற்றி ஊற்றிவிட்டார். சுருள் முழுக்க வெறுமை, ஒரு நிழல்கூட இல்லை. அதை வெளிச்சத்துக்குப் பிடித்து எனக்குக் காட்டினார். ஆனால் அவளிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் வேலை முடிந்து, சீருடையோடு, தோளில் தோல் பையோடு அவள் வருவாள். நான் வசனத்தைச் சொல்வேன். பரவாயில்லை, உன் உடம்பைக் கவனி என்று என் வயிற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவாள். அந்தக் கனிவுதான் என்னைக் கொன்றது.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை அவள் வெறுங்கையோடு வரவில்லை. பிள்ளைக்கென்று மஞ்சள் நூலில் ஒரு தொப்பி பின்னிக்கொண்டு வந்திருந்தாள். அதை மேசையில் வைத்துவிட்டு, அவர் இன்றைக்கும் இல்லையா என்று கேட்டாள். எனக்கு வாய் திறந்தது, வசனம் வரவில்லை. “இருக்கிறார், உள்ளே நிற்கிறார்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு திரையைப் பார்த்துத் தமிழில் கத்தினேன்: “வெளியில வாங்கோ. இனி என்னாலை ஏலாது. நீங்களே சொல்லுங்கோ!”

அவர் வந்தார். கை இரண்டிலும் மருந்து ஈரம். முகம் செத்துப்போயிருந்தது. முதலில் மேசையைப் பார்த்துத்தான் பேசினார். பிறகு எப்படியோ தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். பிலிம் பழுதாகிவிட்டது, பிழை என்னுடையது, ஒரு படமும் மிஞ்சவில்லை என்று சொன்னார். உடைந்த ஆங்கிலம்தான். ஆனால் மழுப்பல் இல்லை. அவள் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு சொன்னதை நான் மறக்கவில்லை. படம் போனது என் துரதிர்ஷ்டம். ஆனால் முதல் கிழமையே சொல்லியிருந்தால் அன்றைக்கே அழுது முடித்திருப்பேன். ஐந்து கிழமையாக என்னைச் சந்தோஷமாகக் காத்திருக்க வைத்து ஏமாற்றினாயே என்றாள். என் கணவர் அதற்கும் தலையைக் குனியவில்லை. அவள் போகும்போது தொப்பியைத் திருப்பி எடுக்கவில்லை.

மூன்று நாள் அவர் என்னோடு பேசவில்லை. சந்திக்கு இழுத்துவிட்டேன் என்ற கோபம். நானும் பேசவில்லை. ஆனால் திங்கட்கிழமை அவர் மேசைக்கு வந்து நின்றார். முடியாததை முடியாது என்றார். நாள் பிந்தும் என்றால் எத்தனை நாள் என்று சொன்னார். சொல்லும்போது காது சிவக்கும், என்றாலும் கண்ணை விலக்கவில்லை. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். மற்றவர்கள், அட, அவ்வளவுதானா என்பதுபோலத் தலையாட்டிவிட்டுப் பிறகு வருகிறோம் என்றார்கள். அவருக்கே அது பெரிய ஆச்சரியம்.

செவ்வாய் காலை, கடை திறந்து கொஞ்ச நேரத்தில், ஒரு கதிரையை இழுத்து எனக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். அவர் அப்படி என் முகத்தை நேரே பார்த்து நான் கண்டதில்லை.

“உம்மட ஐயா மோசம் போயிட்டார்” என்றார். “செத்தவீடு முடிஞ்சு ஆறு கிழமை. உம்மட அண்ணை கடிதம் போட்டவர். பிள்ளை பிறக்கும் வரைக்கும் சொல்ல வேண்டாம் எண்டு எழுதினவர். நான் ஒளிச்சுப் போட்டன். வேலைநிறுத்தம் எண்டு சொன்னது பொய்.”

நான் எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. கடை மணி இரண்டு தரம் அடித்தது. யாரோ வந்து, யாரோ போனார்கள். அவர் எழும்பவில்லை. கடைசியில், “இப்ப சொன்னது பிழையோ?” என்று கேட்டார். நாலு நாளைக்கு முன் ஊருக்கே கேட்கச் சத்தம் போட்டவள் நான், ஒரு சொல்லும் சொல்லாமல் எழுந்து இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அன்று வயிற்றில் இருந்த மகன் இப்போது சொந்தத் தொழில் செய்கிறான். வாடிக்கையாளரோடு நேருக்கு நேர் பேசுவது எப்படி என்று இரண்டு நாள் வகுப்புக்குப் போய்விட்டு வந்து, கண்ணைப் பார்க்க வேண்டும், பிழையை உடனே ஒத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு விளக்கினான். அப்பா இதையெல்லாம் ஒரு வெள்ளிக்கிழமையில் படித்தவர் என்றேன். அம்மா, நீங்கள் எப்போது படித்தீர்கள் என்று அவன் சிரித்துக்கொண்டு கேட்டான். நான் குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன்.

அவர் என்னோடு அதற்குப் பிறகும் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தார். அன்றைக்கு ஐயாவைப் பற்றிச் சொன்னது சரி, எனக்கு அது வேண்டியிருந்தது என்று நான் அவரிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. அவரும் இன்னொரு தரம் கேட்கவில்லை.